ஆர்டர் செய்த பொருள் வரவில்லை, பணமும் திரும்பவில்லை: தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் சிலர் உட்கார்ந்து படிவம் நிரப்பித் தருகிறோம், கடிதம் எழுதித் தருகிறோம். முன்பெல்லாம் ஓய்வூதியம், தண்ணீர்க் கட்டணம் என்றுதான் வருவார்கள். இப்போது பலர் கைப்பேசியை நீட்டி, "இதைப் பாருங்கள், இன்னும் வந்து சேரவில்லை" என்கிறார்கள். சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றே என்பதால் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் பிரிவு எண்களோடுதான் எழுதியிருக்கிறேன். எண்ணைப் பார்த்தால்தான் சில கடைகள் நிமிர்ந்து உட்காருகின்றன. தமிழ் வாசிக்கத் தெரியாத ஆயா, தாத்தாவுக்குத் தெரிந்தவர்கள் படித்துக் காட்டுங்கள்.

இணையத்தில் வாங்கிய பொருள் எத்தனை நாளுக்குள் வர வேண்டும் என்று சட்டம் ஏதாவது சொல்கிறதா?

சொல்கிறது. 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புகள் மற்றும் பரிவர்த்தனைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி இதை மின்னணுச் சட்டம் என்றே எழுதுகிறேன். ஆர்டர் கடைக்குக் கிடைத்த நாளுக்கு மறுநாளிலிருந்து 30 நாளுக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். நீங்களும் கடையும் வேறு தேதி பேசிக்கொண்டிருந்தால் அந்தத் தேதிதான் கணக்கு. "மூன்று வேலை நாளில் வரும்" என்று ஆர்டரை உறுதிசெய்யும் மின்னஞ்சலில் இருந்தால் 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

இவை வேலை நாள்கள் அல்ல, நாட்காட்டி நாள்கள். செப்டம்பர் 1 அன்று ஆர்டர் கொடுத்தால் கெடு அக்டோபர் 1. நடுவில் வரும் செப்டம்பர் 24 பாரம்பரிய நாள் விடுமுறையும் கணக்கில் சேரும். கடைசி நாள் ஞாயிறாகவோ பொது விடுமுறையாகவோ அமைந்தால் மட்டும் கெடு அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகும்.

கெடு தாண்டிவிட்டது. தினமும் போன் செய்கிறேன், "இன்னும் இரண்டு நாள்" என்கிறார்கள். நான் என்னதான் செய்வது?

போன் செய்வதை நிறுத்துங்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு விஷயம்தான் உங்கள் மனத்தில் நிற்க வேண்டும் என்றால் அது இதுதான். கெடு தாண்டிய பிறகு ஏழு நாள் அவகாசம் கொடுத்து, எழுத்து மூலம் அறிவித்து, ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையை அதே 46ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. கடையின் சம்மதம் வேண்டாம், காரணம் விளக்க வேண்டாம். ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும்.

போனில் கத்துவதால் மனம் ஆறலாம், சட்டப்படி எதுவும் நகராது. எதிர்முனையில் இருப்பவர் அழைப்பு மையத்தில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை. உங்கள் பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்குக் கிடையாது. எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வாரக்கணக்கில் போனில் பேசியிருப்பார்கள், ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார்கள். பேசியே ஆக வேண்டும் என்றால் பேசுங்கள். முடித்ததும் "இன்று மதியம் உங்கள் ஊழியர் இப்படிச் சொன்னார்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

எழுத்து மூலம் என்றால் ரிஜிஸ்டர் தபாலா? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாதா?

செல்லும். எழுத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் கேட்டால், பின்னால் எடுத்துப் பார்க்கக்கூடிய மின்னணுச் செய்தியும் எழுத்துதான் என்று மின்னணுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. மின்னஞ்சல் மிகவும் நல்லது. கடையின் வலைத்தளத்தில் உள்ள உரையாடல் பெட்டியில் எழுதினால் அனுப்பியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பல கடைகளில் சாளரத்தை மூடியதும் உரையாடல் மறைந்துவிடுகிறது. தபாலை மட்டும் நம்பாதீர்கள். நம் அஞ்சல் துறை 2023இல், நொடித்துப்போகும் நிறுவனத்தைக் காப்பாற்றும் வணிக மீட்பு நடவடிக்கைக்குள் போனது. உங்கள் பார்சலைப் போலவே உங்கள் கடிதமும் எங்கேயாவது தங்கிவிடலாம்.

சரி, அந்தக் கடிதத்தில் என்ன எழுதுவது?

ஆங்கிலத்தில் எழுதுங்கள், சுருக்கமாக எழுதுங்கள். கோபத்தையும் குடும்பக் கதையையும் விட்டுவிடுங்கள். சாரம் இப்படி இருக்கட்டும்: "இந்தத் தேதியில் இந்த எண்ணுள்ள ஆர்டரைக் கொடுத்து, இத்தனை ரேண்ட் செலுத்தினேன். 30 நாள் ஆகியும் பொருள் வரவில்லை. மின்னணுத் தொடர்புகள் மற்றும் பரிவர்த்தனைகள் சட்டத்தின் 46(2) பிரிவின்படி ஏழு நாள் அறிவிப்பு தருகிறேன். இந்தத் தேதிக்குள் பொருள் வராவிட்டால் ஒப்பந்தம் ரத்தாகிறது; டெலிவரிக் கட்டணம் உட்பட முழுத் தொகையையும் நான் செலுத்திய வழியிலேயே திருப்பித் தாருங்கள்."

"ஏழு நாள்" என்று மட்டும் விட்டுவிடாமல் தேதியையும் போடுங்கள். ஏழாவது நாள் எது என்ற சண்டை அதோடு முடியும்.

ரத்து செய்தபின் எத்தனை நாளில் பணம் வர வேண்டும்?

இங்கே சட்டத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. பொருள் கைவசம் இல்லை என்று கடையே அறிவித்தால், அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும் என்று 46(3) தெளிவாகச் சொல்கிறது. தாமதத்தால் நீங்கள் ரத்து செய்யும்போது எத்தனை நாள் என்று 46(2) சொல்லவில்லை. ஒப்பந்தம் ரத்தானால் இரு தரப்பும் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்ற பொதுச் சட்ட விதி அப்போது பொருந்தும். கெடு வைக்காத கடனுக்குக் கெடு வைக்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு உண்டு. அதனால் ஏழு நாள் அறிவிப்பிலேயே பணம் வர வேண்டிய தேதியையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன்.

பணம் தர மாட்டார்களாம், அதே தொகைக்கு வவுச்சர் தருகிறார்களாம். வாங்கிக்கொள்ளலாமா?

உங்களுக்குப் பிடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டாயம் இல்லை. நீங்கள் கொடுத்தது பணம், திரும்ப வர வேண்டியதும் பணம்தான். ஆனால் வவுச்சரை ஏற்றுக்கொண்டு அதில் ஒரு பகுதியைச் செலவும் செய்துவிட்டுப் பிறகு பணம் கேட்டால் உங்கள் வாதம் பலவீனமாகிவிடும். கேட்காமலே உங்கள் கணக்கில் ஏற்றிவிட்டார்கள் என்றால் அதைத் தொடாமல், "இதை நான் ஏற்கவில்லை" என்று அன்றே எழுதிவிடுங்கள்.

"நாங்கள் கூரியரிடம் கொடுத்துவிட்டோம், இனி அவர்களைக் கேளுங்கள்" என்கிறது கடை. கூரியரோ கடையைக் கேட்கச் சொல்கிறது.

நீங்கள் கூரியர் நிறுவனத்தோடு எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை. அவர்களைத் தேர்ந்தெடுத்ததும் அவர்களுக்குப் பணம் கொடுப்பதும் கடைதான். ஆகவே உங்கள் கடிதம் கடைக்கே போகட்டும். கூரியரிடம் ஒரே ஒரு காரியத்துக்காகப் பேசலாம்: பார்சல் கடைசியாக எந்த நாள், எந்தக் கிடங்கில் ஸ்கேன் செய்யப்பட்டது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

பெரிய தளங்களில் இன்னொரு குழப்பம் உண்டு. தளம் ஒருவருடையது, அதில் விற்பவர் வேறொருவர். வரி ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கடிதத்தை இருவருக்கும் அனுப்புவதுதான் என் வழக்கம். விற்பவர் சோம்பினாலும் தளம் தன் பெயருக்காகவாவது அசையும்.

'பொருள் ஒப்படைக்கப்பட்டது' என்று செயலியில் பச்சைக் குறி காட்டுகிறது. வீட்டுக்கு எதுவுமே வரவில்லை. என் சொல்லை யார் நம்புவார்கள்?

நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் உங்கள் தலையில் இல்லை. 1946இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த 'பிள்ளை எதிர் கிருஷ்ணா' என்ற வழக்கு இந்நாட்டில் சட்டம் படிக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். பெயர்களைப் பார்த்தாலே நம் ஆட்கள் என்று தெரிகிறது! கடனைத் தீர்த்துவிட்டேன் என்று சொல்பவர்தான் தீர்த்ததை நிரூபிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பொருளைக் கொடுத்துவிட்டேன் என்பதற்கும் அதே தர்க்கம்தான். நீங்கள் பணம் கட்டியதைக் காட்டுங்கள். ஒப்படைத்ததை அவர்கள் காட்டட்டும்.

ஆகவே கையொப்பம், புகைப்படம், ஓட்டுநர் நின்ற இடத்தின் ஜிபிஎஸ் பதிவு, ஓடிபி எந்த எண்ணுக்குப் போனது ஆகியவற்றைக் கேளுங்கள். புகைப்படத்தில் வேறு வீட்டுக் கதவு தெரிந்தால் உங்கள் கதவைப் படம் பிடித்து அனுப்புங்கள். அதற்குமுன் வீட்டில் எல்லோரையும், அடுக்கக வாசல் காவலரையும், பக்கத்து வீட்டாரையும் விசாரித்துவிடுங்கள். "காவலரிடம் கொடுங்கள்" என்று நீங்களே ஆர்டரில் குறித்திருந்தால், காவலர் வாங்கியது நீங்கள் வாங்கியதாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். ஓடிபியை மட்டும் பொருள் கையில் வருமுன் யாருக்கும் சொல்லாதீர்கள். பிறகு வாதாட எதுவும் மிஞ்சாது.

எங்கள் பகுதி ஆபத்தான பகுதியாம், ஓட்டுநர் வர மறுக்கிறார். நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள கிடங்குக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

ஓட்டுநர்கள் கொள்ளையடிக்கப்படுவது உண்மை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முகவரியை ஏற்றுப் பணம் வாங்கியது கடை. வர முடியாது என்றால் ஆர்டர் நேரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கிடங்குக்குப் போவது உங்களுக்கு வசதி என்றால் போங்கள், டெலிவரிக் கட்டணத்தைத் திரும்பக் கேளுங்கள். வசதி இல்லை என்றால் கெடு ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது கேள்வியின் பதில் பொருந்தும்.

அடுத்த முறைக்கு ஒரு யோசனை: பெட்ரோல் நிலையங்களிலும் பேரங்காடிகளிலும் உள்ள பார்சல் பெட்டகங்களுக்கு அனுப்பச் சொல்லலாம். மலிவும்கூட.

கருப்பு வெள்ளித் தள்ளுபடி விற்பனையில் பாதி விலையில் வாங்கினேன். மூன்று நாள் கழித்து "ஸ்டாக் இல்லை" என்று ரத்து செய்துவிட்டார்கள். இது நியாயமா?

பணம் 30 நாளுக்குள் வர வேண்டும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். அதோடு முடியவில்லை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இதன் 47ஆம் பிரிவு, கையில் இல்லாததை விற்றுப் பணம் வாங்குவதைப் பற்றியது. குறிப்பிட்ட நாளில் தருவதாக ஏற்றுக்கொண்டு, சரக்குப் போதாமல் தர முடியாமல் போனால், பணத்தோடு அதற்குரிய வட்டியும், அந்த ஏமாற்றத்தால் நேரடியாக உங்களுக்கு ஏற்பட்ட செலவும் தர வேண்டும். ஒப்பான வேறு பொருளைத் தர முன்வந்து நீங்கள் நியாயமின்றி மறுத்தால் இது கிடைக்காது. கடையின் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் தட்டுப்பாடு வந்து, அதை உங்களுக்குத் தெரிவிக்கக் கடை முயன்றிருந்தாலும் செலவைக் கேட்க முடியாது.

இல்லாத சரக்கைக் காட்டி ஆளை இழுக்கும் விளம்பரத்தை அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு தடுக்கிறது. மறுநாளே அதே பொருள் அதே தளத்தில் முழு விலையில் விற்பனைக்கு இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

தீபாவளிக்கு முன் வரும் என்று சொன்ன புடவை, தீபாவளி முடிந்து வந்தது. வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பேசிய தேதி தவறியதுமே ஏழு நாள் அறிவிப்பு அனுப்பியிருந்து, அந்த ஏழு நாளும் கடந்திருந்தால் ஒப்பந்தம் ரத்து; வாங்க வேண்டியதில்லை. அறிவிப்பே அனுப்பவில்லை அல்லது ஏழு நாளுக்குள் வந்துவிட்டது என்றால் வேறு வழி இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. மின்னணுச் சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி, பொருள் கையில் கிடைத்த ஏழு நாளுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் திருப்பிவிடலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. மீதிப் பணம் 30 நாளுக்குள் வர வேண்டும். புடவையை உடுத்திப் படம் எடுத்துவிட்டுத் திருப்பாதீர்கள், அவ்வளவுதான்.

மளிகைப் பொருளுக்கும் பெயர் பொறித்த பொருளுக்கும் இந்த உரிமை கிடையாது என்கிறார்களே?

பாதி உண்மை. வீட்டுக்கு வரும் அன்றாட உணவுப் பொருள்கள், உங்களுக்கென்றே அளவெடுத்து அல்லது பெயர் பொறித்துச் செய்தவை, புத்தகங்கள், உறை பிரித்த மென்பொருள் ஆகியவற்றை மேலே சொன்ன 44ஆம் பிரிவின்படி மனம் மாறித் திருப்ப முடியாது. ஆனால் விலக்கு அந்த ஒரு பிரிவுக்கு மட்டும்தான். வரவே வராத பொருளுக்கு 46ஆம் பிரிவு முழுமையாகப் பொருந்தும். புரட்டாசி விரதத்துக்குக் கேட்ட பருப்பு ஐப்பசியிலும் வரவில்லை என்றால், "உணவுப் பொருளுக்கு ரீஃபண்ட் இல்லை" என்று யாரும் உங்களிடம் சொல்ல முடியாது.

"டெலிவரி தேதிகள் உத்தேசமானவை, தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று விதிமுறைகளில் இருக்கிறதாம். நானும் 'ஏற்கிறேன்' என்று அழுத்திவிட்டேன்.

எல்லோரும்தான் அழுத்துகிறோம். மின்னணுச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, மேலே சொன்ன பிரிவுகள் அடங்கிய அத்தியாயம் தரும் உரிமைகளைப் பறிக்கும் எந்த ஒப்பந்த வாசகமும் செல்லாது என்கிறது. கடை வேறொரு வாதம் வைக்கலாம்: "வேறு கெடு பேசிக்கொள்ளலாம் என்று 46ஆம் பிரிவே அனுமதிக்கிறதே." உண்மைதான், 60 நாள் என்று தெளிவாகச் சொல்லி நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் 60 நாள்தான். ஆனால் "எப்போது வேண்டுமானாலும்" என்பது கெடு ஆகாது. கெடுவே இல்லாத இடத்தில் 30 நாள் வந்து நிற்கும் என்றுதான் நான் படிக்கிறேன்.

வெள்ளம், கலவரம் என்றால்கூட கடைதான் பொறுப்பா? 2021இல் என் தொலைக்காட்சி கிடங்கோடு கொள்ளை போய்விட்டது என்றார்கள்.

2021 ஜூலையில் குவாசூலு-நடாலில் கிடங்குகள் சூறையாடப்பட்டன, மூயி ரிவர் அருகே லாரிகள் எரிந்தன, என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பாலங்களும் வீடுகளும் போயின, நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த வாரங்களில் பார்சல் வரவில்லை என்று யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நிறைவேற்றவே முடியாமல் போன கடமையை நம் பொதுச் சட்டம் மன்னிக்கிறது.

ஆனால் அந்த மன்னிப்புக்கு எல்லை உண்டு. சாலை ஒரு வாரம் மூடியிருப்பது தாமதம் மட்டுமே. கிடங்கில் இருந்த ஒரு பெட்டி போனால், அதே மாதிரித் தொலைக்காட்சி நாட்டில் வேறெங்கும் இல்லை என்று ஆகிவிடாது. இன்ன பெட்டி என்று குறிக்காமல் வகையாக மட்டும் விற்ற பொருள் அழிவதில்லை என்பது நம் பொதுச் சட்டத்தின் வேரான பழைய ரோமன்-டச்சு விதி. வேறொன்றை வாங்கி அனுப்பட்டும். கிடைக்கவே இல்லை என்றால் அது 'கைவசம் இல்லை' என்ற கணக்கு, 46(3)இன்படி பணம் திரும்ப வேண்டும். கடைக்கு நேர்ந்த இழப்பு கடையும் அதன் காப்பீட்டு நிறுவனமும் தீர்த்துக்கொள்ள வேண்டியது. நம் அனுதாபத்தைக் கொடுக்கலாம், தொலைக்காட்சியின் விலையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை.

கார்டில் பணம் கட்டினேன். வங்கி திரும்ப எடுத்துத் தருமா?

தரலாம். விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளில் 'சார்ஜ்பேக்' என்ற வழி இருக்கிறது. கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு இரண்டுக்கும் உண்டு. பொருள் வராத வழக்கில் பொதுவாகப் பொருள் வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து 120 நாள் அவகாசம். வங்கியின் கிளையில் "முடியாது" என்றால் அதோடு திரும்பிவிடாதீர்கள், அட்டைத் தகராறுப் பிரிவைக் கேளுங்கள். கடைக்கு அனுப்பிய ஏழு நாள் அறிவிப்பின் நகலை இணையுங்கள். கடை "வரும், வரும்" என்று இழுத்தடிப்பதில் இந்த 120 நாள்தான் சத்தமில்லாமல் கரைகிறது. வங்கி நியாயமின்றி மறுத்தால் தேசிய நிதிக் குறைதீர்ப்புத் திட்டத்திடம் இலவசமாகப் புகார் செய்யலாம். பழைய வங்கிக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் 2024 மார்ச் 1 முதல் அதற்குள் இணைந்துவிட்டது.

நான் இஎஃப்டியில் அனுப்பினேன். அதற்கும் உண்டா?

இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பிய பணத்துக்கு சார்ஜ்பேக் கிடையாது. மோசடி என்று தோன்றினால் அந்த நிமிடமே உங்கள் வங்கியின் மோசடித் தொலைபேசி எண்ணை அழையுங்கள்; பெற்றவரின் கணக்கில் பணம் இன்னும் இருந்தால் முடக்கி வைக்கும் வாய்ப்பு உண்டு. பிறகு காவல் நிலையத்தில் வழக்கு எண் வாங்குங்கள். தெரியாத கடைக்கு "இஎஃப்டி என்றால் பத்து சதவீதம் தள்ளுபடி" என்பது பெரும்பாலும் தூண்டில்.

கடை எதற்குமே பதில் சொல்லவில்லை. யாரிடம் புகார் செய்வது?

முதலில் நுகர்பொருள் மற்றும் சேவைக் குறைதீர்ப்பாளர். சிஜிஎஸ்ஓ என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். இணையத்திலேயே படிவம் இருக்கிறது, கட்டணம் இல்லை. நீங்கள் கடையிடம் முறையிட்டுவிட்டீர்களா என்று முதலில் கேட்பார்கள். அதற்காகவும்தான் எழுதச் சொன்னேன். கடையின் பதிலை வாங்கி, சமரசம் பேசிப் பார்ப்பார்கள். அவர்கள் சொல்வது பரிந்துரைதான், தீர்ப்பு அல்ல. இருந்தாலும் பெயருள்ள கடைகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் தந்துவிடுகின்றன.

மசியாத கடை என்றால் தேசிய நுகர்வோர் ஆணையம். அது ஒவ்வொருவருடைய பணத்தையும் மீட்டுத் தருவதைவிட, தொடர்ந்து தவறு செய்யும் கடையை விசாரித்துத் தேசிய நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோவதில்தான் குறியாக இருக்கும். தீர்ப்பாயம் ஆண்டு விற்றுமுதலில் பத்து சதவீதம் அல்லது பத்து லட்சம் ரேண்ட், இரண்டில் எது பெரியதோ அதுவரை அபராதம் விதிக்கலாம். ஒரே கடையிடம் ஏமாந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் தனித்தனியாகப் புகார் கொடுங்கள்.

நீதிமன்றத்துக்குப் போனால் வக்கீலுக்குக் கொடுத்தே அழிந்துவிடுவேனே?

சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வக்கீலே வாதாடக் கூடாது, உங்களுக்கும் இல்லை, கடைக்கும் இல்லை. 2019 ஏப்ரல் 1 அன்று அதன் வரம்பு 20,000 ரேண்டாக உயர்த்தப்பட்டது. முதலில் கோரிக்கைக் கடிதம் கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டும். பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்ற வளாகத்தில் உள்ள எழுத்தர் அழைப்பாணை தயாரிக்க உதவுவார். மேல்முறையீடு கிடையாது என்பதால் ஆதாரங்களை அச்செடுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டு போங்கள். கைப்பேசியில் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

சிக்கல் எங்கே என்றால், எதிராளி வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் வட்டாரத்தில், அல்லது வழக்குக்கான காரணம் முழுவதும் எழுந்த வட்டாரத்தில்தான் வழக்குப் போட முடியும். கேப்டவுனில் மட்டும் இயங்கும் இணையக் கடை மீது டர்பனில் போட்டால் ஏற்காமல் போகலாம். உங்கள் ஊரில் கிளை இருந்தால் கவலை இல்லை.

தமிழில் புகார் எழுதலாமா?

அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவில் மதிக்கப்பட வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழின் பெயர் இருக்கிறது. அலுவல் மொழிகளின் பட்டியலில் இல்லை. ஆங்கிலத்தில் எழுதுங்கள்; எழுத வராது என்றால் எங்களைப் போல் உதவுகிறவர்கள் பல கோயில்களில் இருக்கிறார்கள்.

சென்னைக் கடையொன்றில் பட்டுப்புடவை வாங்கினேன், இரண்டு மாதமாக வரவில்லை. நம் நாட்டுச் சட்டம் அங்கே செல்லுமா?

ஏட்டளவில் செல்லும். எந்த நாட்டுச் சட்டம் ஒப்பந்தத்தை ஆண்டாலும் இந்தப் பாதுகாப்பு பொருந்தும் என்று மின்னணுச் சட்டத்தின் 47ஆம் பிரிவு சொல்கிறது. (கருப்பு வெள்ளிக்குச் சொன்ன 47 வேறு சட்டத்தினுடையது, குழம்பாதீர்கள்.) நடைமுறையில் சென்னையில் இருக்கும் கடையை இங்கிருந்து யார் பிடித்து இழுப்பது? அறிவிப்பை அனுப்புங்கள், ஆனால் நம்பிக்கையை சார்ஜ்பேக் மீது வையுங்கள். வெளிநாட்டுக் கடையில் கார்டைத் தவிர வேறெந்த வழியிலும் பணம் கட்ட வேண்டாம் என்பது இதனால்தான்.

பொருள் சுங்கத்தில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். இறக்குமதித் தீர்வையும் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் நீங்கள் கட்ட வேண்டியவை. அவற்றைக் கட்டாமல் நின்றுபோனால் அது கடையின் தாமதம் ஆகாது. ஆனால் "பார்சலை விடுவிக்க 30 ரேண்ட் கட்டுங்கள்" என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்தியைத் தொடாதீர்கள். கூரியரின் தளத்துக்கு நீங்களே போய், உங்கள் பார்சல் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு அக்காவிடம் பித்தளை விளக்கு வாங்கினேன். அவருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

தொடர்ந்து வாங்கி விற்பவர் என்றால் அவரும் வியாபாரிதான், பொருந்தும். வீட்டில் சும்மா கிடந்ததை ஒரு முறை விற்றவர் என்றால் நுகர்வோர் சட்டம் அவரைத் தொடாது. ஆனால் பணம் வாங்கியவர் பொருளைத் தர வேண்டும் என்பதற்குச் சாதாரண ஒப்பந்தச் சட்டமே போதும், சிறு கோரிக்கை நீதிமன்றமும் திறந்திருக்கிறது. கோயிலில் முகம் பார்க்க வேண்டியவர் ஆயிற்றே என்று தயங்குகிறவர்கள் உண்டு. எழுதிக் கேட்பது அவமரியாதை இல்லை.

கோயில் பெயரில் ஒலிபெருக்கி வாங்கினோம். 46ஆம் பிரிவைக் காட்டியபோது, கடையின் வக்கீல் அது எங்களுக்குப் பொருந்தாது என்கிறார்.

அவர் சொல்வது சரி. மின்னணுச் சட்டத்தில் நுகர்வோர் என்றால் தனிமனிதர் மட்டும்தான். ஆனால் ஆண்டு வருமானமோ சொத்து மதிப்போ 20 லட்சம் ரேண்டை எட்டாத அமைப்பை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அதன் 19ஆம் பிரிவைக் காட்டுங்கள்: பேசிய தேதியில் தர வேண்டும், தேதி இல்லையென்றால் நியாயமான காலத்துக்குள், நீங்கள் ஏற்கும்வரை பொருளுக்கு நேரும் இழப்பு கடையுடையது. சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் அமைப்புகள் வழக்குத் தொடுக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதே 19ஆம் பிரிவைத் தனிமனிதர்களும் காட்டலாம் என்று பலர் பகிர்கிறார்கள். 46ஆம் பிரிவு ஆளும் பரிவர்த்தனைக்குத் தான் பொருந்தாது என்று 19ஆம் பிரிவே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறது. நேரில் கடைக்குப் போய் வாங்கி, வீட்டுக்கு அனுப்பச் சொன்ன மெத்தைக்கு 19. இணையத்தில் நீங்கள் உங்கள் பெயரில் வாங்கியதற்கு 46.

நான்கு பொருளில் மூன்று வந்தது, ஒன்று வரவில்லை. எல்லாவற்றையும் திருப்ப வேண்டுமா?

தனித்தனிப் பொருள்கள் என்றால் வராததற்கு மட்டும் அறிவிப்பு அனுப்புங்கள். ஜோடியாகவோ செட்டாகவோ விற்றது என்றால், ஒன்று இல்லாமல் மற்றது பயன்படாது என்று எழுதி முழுவதையும் ரத்து செய்யலாம். வந்ததைப் பயன்படுத்தத் தொடங்குமுன் இதை முடிவு செய்யுங்கள்.

கடையே மூடிவிட்டது என்கிறார்கள். இனி?

வணிக மீட்பில் இருக்கும் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுப்பதை 2008ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் நிறுத்தி வைக்கிறது. கலைக்கப்பட்டால் பணம் வர வேண்டியவர்களின் வரிசையில் நீங்கள் கடைசியில் நிற்பீர்கள். இரண்டிலும் உங்கள் உரிமைக்கோரலை எழுத்தில் பதிவு செய்யுங்கள், அன்றே வங்கிக்கும் போங்கள். சார்ஜ்பேக் வங்கிகளுக்கிடையே நடப்பது, அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

என் ஆர்டர் கொடுத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது கேட்டால் சிரிப்பார்களா?

சிரிக்கட்டும், கேளுங்கள். சாதாரணக் கடன் காலாவதியாக மூன்று ஆண்டு. நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குப் புகாரைக் கொண்டுபோகவும் மூன்று ஆண்டுதான் எல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் எழுதும் கடிதம் இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது, நீதிமன்ற அழைப்பாணை கடையின் கையில் சேர்ந்தால்தான் நிற்கும். ஆனால் "ஆம், உங்களுக்குப் பணம் தர வேண்டியிருக்கிறது" என்று கடை எப்போதாவது ஒப்புக்கொண்டிருந்தால் அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். பழைய மின்னஞ்சல்களை அழிக்குமுன் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.